சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக நூலகங்களில் குயர் நூலகர்கள்

சிங்கப்பூரில் பல்கலைக்கழக நூலகர் ஒருவரின் வேலை நான்கு வகைப்படும். நூல்களையும் தரவுத்தளங்களையும் தேர்ந்து வாங்குவது ஒன்று. வாங்கியவற்றுக்கு வகைப்பாட்டு எண்ணும் பொருள்தலைப்பும் இட்டு அட்டவணையில் சேர்ப்பது இரண்டாவது. தேடி வரும் மாணவருக்கும் ஆய்வாளருக்கும் வழிகாட்டுவது மூன்றாவது. பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வுக் கட்டுரைகளையும் தரவுகளையும் மின்களஞ்சியத்தில் காப்பது நான்காவது. புத்தகத்துக்கு முத்திரை குத்தி இரவல் தரும் பழைய வேலையைத் தானியக்க இயந்திரங்கள் எடுத்துக்கொண்டு வெகுகாலமாகிறது. இத்துறைக்கு வருவோரில் பலர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1993 முதல் நடந்துவரும் தகவலியல் முதுகலைப் படிப்பை முடித்தவர்கள்.

இவர்களில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும், தங்களைப் பொதுவாகக் குயர், அதாவது பால்புதுமையினர், என்று சொல்லிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன நான்கு வேலைகளும் ஏதோ ஒரு வகையில் அவர்களுடைய வாழ்க்கையைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. ஆனால் தொழிலில் அவர்களுக்குக் கிடைக்கும் சுதந்திரமும், சொந்த வாழ்க்கைக்கு ஆவணங்களில் கிடைக்கும் இடமும் ஒரே அளவில் இல்லை. பால்புதுமை பற்றிய நூலுக்கு அடுக்கில் எண் உண்டு, தலைப்பு உண்டு. அந்த நூலை அடுக்கியவருடைய துணைவருக்குப் பணியாளர் படிவத்தில் இடம் உறுதி இல்லை.

சட்டம்

1938இல் பிரிட்டிஷ் நிர்வாகம் சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்தில் 377ஏ பிரிவைச் சேர்த்தது. ஆணும் ஆணும் கொள்ளும் உறவுக்கு, அது தனியிடத்தில் நடந்தாலும், இரண்டாண்டு வரை சிறை என்றது அந்தப் பிரிவு. பெண்களை அது குறிப்பிடவில்லை. 2007இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டபோது பழைய 377ஆம் பிரிவு போனது, 377ஏ நின்றது. அதை முனைந்து அமலாக்கப் போவதில்லை என்று அரசு சொன்னது. குற்றம் என்று எழுதி வைத்துவிட்டு நடவடிக்கை எடுக்காமல் இருக்கும் இந்த ஏற்பாடு பதினைந்து ஆண்டு நீடித்தது.

நீதிமன்றத்தில் அதை எதிர்த்த வழக்குகளில் முதலாவதை 2010இல் தொடுத்தவர் வழக்கறிஞர் எம். ரவி. 2014 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழக்கையும் இன்னொன்றையும் தள்ளுபடி செய்தது. 2022 பிப்ரவரி 28இல் அதே நீதிமன்றம், பிரிவு ஏட்டில் இருந்தாலும் அதைக் கொண்டு வழக்குத் தொடர முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் நீக்கத்தை அறிவித்தார். நவம்பர் 29இல் நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. 2023 ஜனவரி 3 முதல் 377ஏ இல்லை.

கூடவே அரசமைப்பில் 156ஆவது பிரிவு புதிதாக நுழைந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானதே திருமணம் என்ற வரையறையையும், அதைச் சார்ந்த கொள்கைகளையும் நீதிமன்றத்தில் அரசமைப்பின் பெயரால் எதிர்க்க முடியாதபடி அது காக்கிறது. நூலகரின் அன்றாடத்தில் தெரிவது இந்த இரண்டாம் பாதிதான். குற்றவாளி என்ற பெயர் போய்விட்டது. குடும்பம் என்ற பெயர் வரவில்லை.

எண்ணும் தலைப்பும்

சிங்கப்பூரின் பொது நூலகங்கள் டியூயி தசம முறையைப் பின்பற்றுகின்றன. பல்கலைக்கழக நூலகங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் முறையைப் பின்பற்றுகின்றன. இரண்டுமே அமெரிக்காவில் பிறந்தவை. பிறந்த காலத்தின் நோக்கையும் கூடவே கொண்டுவந்தவை.

டியூயி முறையில் தன்பாலீர்ப்பு முதன்முதலில் நுழைந்தது 1932இல். கிடைத்த இடம் மனநோய்க்கும் பிறழ்வு உளவியலுக்கும் உரிய எண்கள். 1989இல் அது சமூகச் சிக்கல்களுக்கான 363.49க்குக் கீழும் வந்தது. 1996இல்தான் மனித உறவுகளைப் பேசும் 306.7 அதற்கு உரிய இடமானது. நாடாளுமன்ற நூலக முறையில் இவ்விஷயத்துக்கான இடம் ஹெச்.கியூ. என்ற வகுப்பு. குடும்பம், திருமணம், பெண்கள் ஆகியவற்றுக்கான வகுப்பு அது. குடும்பமாகப் பதிவு செய்ய முடியாதவர்களைப் பற்றிய நூல்கள் குடும்ப அடுக்கில் நிற்கின்றன. இந்த வகைகளின் பின்னே உள்ள எண்ணப் போக்கை மெலிசா ஆட்லர் 2017இல் வெளியான ‘குரூசிங் த லைப்ரரி’ என்ற நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

தலைப்புகளைத் திருத்தும் போராட்டம் நூலகர்களிடமிருந்தே தொடங்கியது. அமெரிக்க நூலகச் சங்கத்தில் 1970இல் தன்பாலீர்ப்பாளர் விடுதலைக்கான பணிக்குழு உருவானது. தொழில்முறைச் சங்கம் ஒன்றுக்குள் உலகில் இப்படி எழுந்த முதல் குழுக்களில் ஒன்று அது. அதை நீண்டகாலம் நடத்திய பார்பரா கிட்டிங்ஸ் நூலகர் அல்லர். மாணவியாக இருந்த நாளில் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள நூலகம் நூலகமாக அலைந்து, பிறழ்வு உளவியல் அடுக்கில் மட்டும் பதில் கிடைத்த வாசகர். 1971இல் சான்ஃபோர்ட் பெர்மன் என்ற நூலகர், பொருள்தலைப்புகளில் படிந்துகிடந்த இனவெறியையும் பாலினச் சாய்வையும் பட்டியலிட்டு ஒரு நூலே எழுதினார்.

இன்று பால்புதுமைச் சொற்களுக்கென ஹோமோசாரஸ் என்ற தனிச் சொற்கோவை இருக்கிறது. அது ஆம்ஸ்டர்டாமின் இஹ்லியா ஆவணக்காப்பகத்தில் 1997இல் தொடங்கியது. எந்த நூலகமும் தன் அட்டவணைப் பதிவில், வழக்கமான தலைப்புகளுக்குப் பக்கத்தில், அதன் சொற்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் பெயர்ப் பதிவிலும் இதுபோல ஒரு மாற்றம் நடந்தது. எழுத்தாளரின் பாலினத்தைத் தனிப் புலமாகப் பதியும் வழக்கம் சில ஆண்டுகள் இருந்தது. திருநர் எழுத்தாளர்களின் கடந்த காலத்தை அவர்கள் அனுமதியின்றி அது வெளிப்படுத்துகிறது என்ற எதிர்ப்பு வலுக்கவே, அந்தப் புலத்தை இனி நிரப்ப வேண்டாம் என்று கூட்டு அட்டவணையாக்கத் திட்டத்தின் பணிக்குழு 2022இல் பரிந்துரைத்தது. பெயர் மாற்றிய ஆய்வாளர் தன் பழைய கட்டுரைகளிலும் புதுப் பெயரை இட அனுமதிக்கும் விதிகளை 2020 முதல் பல ஆய்விதழ்ப் பதிப்பகங்கள் கொண்டுவந்தன. களஞ்சியத்தில் அந்தத் திருத்தத்தைக் கையால் செய்து முடிப்பவர் நூலகர்.

பென்குவின் விவகாரம்

பொது நூலகத்துக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் உள்ள வேறுபாடு 2014 ஜூலையில் தெளிவாகத் தெரிந்தது. வாசகர் புகார்களை அடுத்து, பொது நூலகங்களை நடத்தும் தேசிய நூலக வாரியம் மூன்று சிறுவர் நூல்களை அடுக்கிலிருந்து எடுத்தது. நியூயார்க் உயிரியல் பூங்காவில் இரண்டு ஆண் பென்குவின்கள் சேர்ந்து குஞ்சு வளர்த்த உண்மைக் கதையான ‘அண்ட் டாங்கோ மேக்ஸ் த்ரீ’, தத்தெடுப்பு பற்றிய ‘த வைட் ஸ்வான் எக்ஸ்பிரஸ்’, பலவகைக் குடும்பங்களைப் பேசும் ‘ஹூஸ் இன் மை ஃபேமிலி’ ஆகியவை அவை. எடுத்தவற்றைக் கூழாக்கப் போவதாக வாரியம் சொன்னதும் எதிர்ப்பு எழுந்தது. வாரியத்தின் நிகழ்ச்சியில் பேச இருந்த எழுத்தாளர்கள் விலகிக்கொண்டார்கள். ஜூலை 13 ஞாயிற்றுக்கிழமை, விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்தின் திறந்த முகப்பில் சுமார் 400 பேர் குழந்தைகளோடு உட்கார்ந்து அந்த நூல்களை வாசித்தார்கள்.

ஐந்து நாள் கழித்துத் தகவல், தொடர்பு அமைச்சர் யாக்கோப் இப்ராஹிம், மிஞ்சியிருந்த இரண்டு நூல்களைப் பெரியவர்கள் பகுதிக்கு மாற்றச் சொன்னார். மூன்றாவது நூல் அதற்குள் கூழாகிவிட்டது. நூலகருக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான். நூல் இருந்தது, ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்த வயது வாசகரின் அடுக்கில் இல்லை. தடை செய்யாமலேயே ஒரு நூலை எட்டாத இடத்தில் வைக்க எண் மாற்றமே போதும்.

பல்கலைக்கழக நூலகங்களின் நிலை வேறு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங்கும் 2006 முதல் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள். அவற்றின் நூலகங்கள் நூலக வாரியத்தின் கீழ் இல்லை, வாசகர்கள் பெரியவர்கள், வாங்குவதற்கான அளவுகோல் பாடத்திட்டமும் ஆய்வுத் தேவையும். சமூகவியலிலோ சட்டத்திலோ ஒருவர் பாலின ஆய்வு செய்தால், அவருக்கு வேண்டிய நூலை வாங்குவது நூலகரின் கடமை. கேல் நிறுவனத்தின் பாலியல், பாலின ஆவணத் தொகுப்பு போன்ற பெரிய தரவுத்தளங்கள் இந்தச் சந்தைக்காகவே உருவானவை.

வாங்குவதும் கழிப்பதும்

சிங்கப்பூரைப் பற்றிய குயர் நூல்கள் சிறிய ஆனால் உறுதியான ஒரு வரிசை. ஜோஹான் எஸ். லீயின் ‘பிக்யூலியர் கிரிஸ்’ நாவல் 1992இல் வந்தது. ஜோசப் லோவும் ஹுவாங் குவோச்சினும் தொகுத்த ‘பீப்பிள் லைக் அஸ்’ 2003இல் வந்தது. 2012இல் ‘குயர் சிங்கப்பூர்’ என்ற ஆய்வுத் தொகுப்பு. 2014இல் சட்டப் பேராசிரியர் லினெட் சுவா, இங்குள்ள இயக்கம் சட்டத்தோடு நேருக்கு நேர் மோதாமல் மெல்ல நகர்ந்து வளர்ந்த விதத்தை ‘மொபிலைசிங் கே சிங்கப்பூர்’ நூலில் எழுதினார். 2017இல் வழக்கறிஞர் இந்துலட்சுமி ராஜேஸ்வரியின் முன்முயற்சியில் ‘சேம் பட் டிஃபரன்ட்’ வெளியானது. உயில், வீடு, மருத்துவ முடிவு என்று திருமணப் பதிவு இல்லாத இணையர் எதை எப்படிச் செய்துகொள்ளலாம் என்று விளக்கும் சட்டக் கையேடு அது.

நாவல் ஆங்கில இலக்கிய அடுக்குக்கும், சமூக ஆய்வு ஹெச்.கியூ. அடுக்குக்கும், சட்டக் கையேடு சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு உரிய கே.பி.பி. அடுக்குக்கும் போகும். ஒரே பொருளின் நூல்கள் மூன்று மாடிகளில் சிதறிக் கிடக்கலாம். அவற்றை ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டுவது நூலகர் தயாரிக்கும் இணைய வழிகாட்டிப் பட்டியல். அதைத் தயாரிக்கும் ஆர்வம் பெரும்பாலும் தனிப்பட்ட அக்கறையிலிருந்து வருவது. அப்படியொருவர் இல்லாத நூலகத்தில் பட்டியலும் இருக்காது.

வாங்குவது போலவே கழிப்பதும் நூலகரின் வேலை. 2025 மே மாதத்தில், மூடப்படவிருந்த யேல்-என்யுஎஸ் கல்லூரி நூலகத்தின் புத்தகங்கள் மறுசுழற்சி வண்டியில் ஏற்றப்படும் காட்சி பரவி, மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் கொதித்தார்கள். பெரும்பாலான நூல்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மற்ற நூலகங்களுக்குப் போயிருந்தன. எஞ்சிய நூல்களைப் பற்றியதே சர்ச்சை. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டு, நூல்களை விருப்பமுள்ளவர்களுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தது. அங்கே கழிக்கப்பட்டவை குறிப்பிட்ட பொருளைச் சார்ந்தவை அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா நியூ கல்லூரியில் குப்பைத் தொட்டிக்குப் போனவற்றில், கலைக்கப்பட்ட பாலின மையத்தின் நூல்களும் இருந்தன. இரண்டு நிகழ்வுகளும் ஒன்றல்ல. ஆனால் கழிக்கும் முடிவை யார், எந்த அளவுகோலில் எடுத்தார்கள் என்பதை எழுதி வைக்காத நூலகத்தில், நேர்மையான கழிவுக்கும் தணிக்கைக்கும் வேறுபாடு சொல்ல ஆதாரம் இராது.

உதவி மேசை

மாணவர்கள் இந்த விஷயத்தில் நேரடியாகக் கேட்பது குறைவு. ‘குடும்பச் சமூகவியல் நூல்கள் எங்கே’ என்று தொடங்கி, தலைப்பு மெல்லக் குறுகிக்கொண்டே வரும். அனுபவமுள்ள நூலகர் ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. எந்தப் பாடத்துக்கு, எந்த ஆண்டு முதல் என்று மட்டும் கேட்பார். தானியக்க இரவல் இயந்திரமும் மின்னூலும் வந்தபின், அட்டைப்படத்தை இன்னொருவர் பார்க்கும் தயக்கம் குறைந்திருக்கிறது. திருப்பித் தந்த நூலின் இரவல் பதிவிலிருந்து பெயரை நீக்கிவிடும் வசதி இன்றைய நூலக மென்பொருளில் உண்டு. அதை இயக்குவதா இல்லையா என்பது நிர்வாகத்தின் முடிவு.

நூலகர் தன்னைப் பற்றி எவ்வளவு சொல்கிறார் என்பது தனிக் கணக்கு. கழுத்துப்பட்டையில் ஒரு சிறு வானவில் சின்னம் இருந்தால் சில மாணவர்கள் அந்த மேசையைத் தேடி வருவார்கள். அதே சின்னத்தால் நூலகரின் தேர்வுகள் எல்லாம் சொந்தச் சார்பு என்று யாராவது புகார் எழுதவும் கூடும். எனவே பலர் சக ஊழியர்களுக்குத் தெரியும்படியும் வாசகர்களுக்குத் தெரியாதபடியும் இருந்துகொள்கிறார்கள். நன்யாங்கின் கெலைடஸ்கோப், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் அவுட் டு கேர் போன்ற மாணவர் குழுக்கள் வளாகத்தில் இன்னும் வெளிப்படையாகச் செயல்பட்டிருக்கின்றன.

பணியாளர் கோப்பு

2025 ஜனவரி 8ஆம் தேதி நாடாளுமன்றம் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. வயது, நாட்டுரிமை, பால், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழி, உடற்குறை, மனநலம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுப்பது அதன் நோக்கம். பாலியல் ஈர்ப்பும் பாலின அடையாளமும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் பொருந்தும் என்பது அரசின் நிலை. நெறி வேறு, சட்டம் வேறு என்பதைப் பணியாளர் அறிவார்.

திருமணம் பதிவாகாததால் துணைவருக்கான மருத்துவச் சலுகை, திருமண விடுப்பு, துணைவரின் பெற்றோர் இறந்தால் கிடைக்கும் துக்க விடுப்பு ஆகியவை அந்தந்த நிறுவனத்தின் மனநிலையைப் பொறுத்தவை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டை ஒற்றையராக வாங்க 35 வயது வரை காத்திருக்க வேண்டும். இணையர் இருவரும் அந்த வயதைத் தாண்டியபின், ஒற்றையர்கள் கூட்டாக வாங்கும் திட்டத்தில் சேர்ந்து வாங்கலாம். பத்திரத்தில் அவர்கள் இரண்டு ஒற்றையர்கள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வரும் நூலகர் தன் ஒருபால் துணைவரைச் சார்ந்திருப்போர் அட்டையில் அழைத்துவர முடியாது. ஹாங் லிம் பூங்காவில் 2009 மே 16இல் தொடங்கிய, பால்புதுமையினருக்கு ஆதரவான பிங்க் டாட் கூட்டத்திலும் 2017 முதல் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே கலந்துகொள்ளலாம். பல்கலைக்கழக நூலகங்களில் வெளிநாட்டவர் கணிசம் என்பதால் இந்த விதிகள் ஓய்வறைப் பேச்சில் அடிக்கடி வருபவை.

வேலை நேரத்துக்கு வெளியே சமூக நூலகம் நடத்தும் மரபும் உண்டு. 2003இல் தொடங்கிய பெலாங்கி பிரைட் சென்டரில் தன்னார்வலர்கள் குயர் நூல்களைச் சேர்த்து வாசகருக்குத் திறந்துவைத்தார்கள். பொது வாழ்விலும் ஈடுபட்ட நூலகர்களுக்கு இங்கே பழைய முன்னோடியும் இருக்கிறார்: தேசிய நூலகத்தை 1988 வரை வழிநடத்திய ஹெட்விக் அனுவார், பெண்ணுரிமை அமைப்பான அவேரின் நிறுவனர்களில் ஒருவர்.

தேக்காவைச் சுற்றி

தமிழ்க் குயர் நூலகருக்கு லிட்டில் இந்தியா நெருக்கமான இடம், அதனாலேயே கவனமாக நடக்க வேண்டிய இடமும்கூட. சிராங்கூன் சாலையில் ஞாயிறு மாலை எந்த நகைக்கடை வாசலிலும் ஓர் அத்தையோ மாமாவோ எதிர்ப்படலாம். ‘கல்யாணச் சாப்பாடு எப்போ?’ என்ற கேள்வியும் வரலாம். துணைவரோடு அங்குள்ள தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது அவர் ‘கூட வேலை பார்ப்பவர்’ ஆகிவிடுவார்.

ஆனால் இந்த வட்டாரத்துக்குள்ளேயே பால்புதுமையினரின் வரலாறும் இருக்கிறது. 1971 ஜூலை 30இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. நடத்தியவர் இலங்கைத் தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம். ஹேம்ப்ஷையர் ரோட்டில் இருந்த அந்தப் பழைய வளாகத்தில் இன்று நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. அறுவைச் சிகிச்சை முடித்தவர்கள் மாறிய பாலின்படி மணம் செய்துகொள்ள 1996இல் சட்டம் இடம் கொடுத்தது. ரத்னமும் சகாக்களும் 1991இல் ‘கிரைஸ் ஃபிரம் விதின்’ என்ற நூலில் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். அது மருத்துவ அடுக்குக்கு உரிய நூல். சிகிச்சை பெற்ற மனிதர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியவை ஹெச்.கியூ. அடுக்குக்கு உரியவை. நடக்கும் தூரத்தில், திருநங்கைகள் இரவுதோறும் கூடிய பழைய பூகிஸ் ஸ்ட்ரீட் 1980களின் நடுவில் எம்ஆர்டி நிலையத்துக்காக இடிக்கப்பட்டது. இன்றைய தேசிய நூலகம் அதன் அருகில்தான் நிற்கிறது.

தமிழ் அடுக்கு

தமிழில் இந்தப் பொருளில் நூல்கள் இல்லை என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அவை கண்ணில் படுவதில்லை. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’, ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’, கிரீஷின் ‘விடுபட்டவை’ என்று வரிசை வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2018இல் சென்னையில் குயர் இலக்கிய விழாவும் தொடங்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலால், பால்புதுமையினரைக் கண்ணியமாகக் குறிக்கும் சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது.

கண்ணில் படாததற்குக் காரணங்கள் தொழில்நுட்பமானவை. தன்வரலாறு பொருள்வழியாக ஹெச்.கியூ. அடுக்குக்குப் போய்விடும். நாவல் தமிழ் இலக்கியத்துக்கான பி.எல். 4758க்குப் போகும், புனைவுக்குப் பொருள்தலைப்பு இடும் வழக்கம் குறைவு என்பதால் ‘திருநங்கை’ என்று தேடினால் ‘வாடாமல்லி’ வராது. அட்டவணையில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்துக்கு மாற்றப்பட்டே பதிவாகின்றன. அந்த விதியில் தகரம் எந்த ஒலியில் வந்தாலும் ஒரே எழுத்துத்தான். மாணவரோ ‘வித்யா’வைப் பேச்சொலிப்படி தட்டச்சு செய்கிறார், நூல் அடுக்கில் இருந்தும் முடிவுகள் பூஜ்யம் என்று திரை சொல்கிறது.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. நூலக அட்டவணைக்கான மார்க் வடிவத்தின் 880ஆம் புலத்தில் தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே தரலாம். 653ஆம் புலத்தில் தமிழ்ச் சொற்களைக் கட்டற்ற குறிச்சொற்களாகச் சேர்க்கலாம். ஹோமோசாரஸ் சொற்களையும் இணைக்கலாம். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பவருக்கும், தேசியக் கல்விக்கழகத்தில் தமிழாசிரியர் பயிற்சி பெறுபவருக்கும் இதனால் நேரடிப் பயன் உண்டு. ஒரு பதிவுக்குச் சில நிமிடங்களே ஆகும். பணியாளர் படிவத்தில் ஒரு கட்டம் கூட்ட நிர்வாகமோ நாடாளுமன்றமோ மனம் வைக்க வேண்டும். அட்டவணையில் ஒரு புலம் கூட்டத் தமிழும் தொழிலும் தெரிந்த ஒரு நூலகர் போதும்.